தெருவுக்குப் பத்தியம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். தொண்டை கிழியச் சொல்லுகிற கதை இல்லை இது.

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்துக்குக் கீழே ஒரு ஊர். அந்த ஊரில் எலும்பு கட்டுகிற வைத்தியம் பார்த்தவள் உலகம்மை. நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். அவளிடம் தொழில் படிக்க வந்த சிஷ்யர் பூதத்தான். அவருக்கோ ஐம்பத்திரண்டு. அதுவரைக்கும் மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தவர். பிடி இரும்புப் பிடி. மனசு மட்டும் அப்படி இல்லை. ஒற்றடம் கொடுக்கிற தவிடு ஆறிப்போனால்கூட, ஐயோ நோயாளிக்கு என்ன ஆகுமோ என்று வேர்த்துவிடும். சிஷ்யர்தான் என்றாலும் வயசுக்கு மரியாதை வைத்து அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார். கட்டுப் போட வருகிறவர்கள் காலை நீட்டிக்கொண்டு, லாடம் கொண்டுவந்தீரா என்று அவரைச் சீண்டுவார்கள்.

அவர் கையில் முழுசாக ஒப்படைத்த முதல் ஆள் கொம்பையா. ஊருக்கு நீர்ப்பாய்ச்சி. குளத்து மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் கட்டுகிறவர். பங்குனி மாசம் குளத்தங்கரையில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோயிற்று. உலகம்மை கட்டுப் போட்டாள். எலும்பு கூடியது. கட்டை அவிழ்த்த அன்று, இனி நடக்க வைப்பது உங்கள் பாடு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி முதல் நாள் மடை திறக்க நீர்ப்பாய்ச்சி கரை நெடுக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் காலால் நடந்து போக வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. நடக்க மாட்டாவிட்டால் ஊர் மண்வெட்டியையும் அந்த வேலையையும் வாங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும். கொம்பையாவின் மகன் செத்து நாலு வருஷம். வீட்டில் மருமகள் செல்லத்தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். அறுப்புக்கு அறுப்பு வயல்காரர்கள் போடுகிற நெல்லில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

ஊர்க் கூட்டத்தில் நாட்டாமை இந்தப் பேச்சை எடுத்தபோது பூதத்தான் எழுந்து, ஆடிக்கு அவர் நடப்பார், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வீடு வரும் வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டே வந்தார்.

வைத்தியசாலையில் கொம்பையா நடக்கத்தான் செய்தார். பத்து நாளில் கூடத்தை நாலு சுற்றுச் சுற்றினார். வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் கட்டிலோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முழங்கால் மடங்கவே இல்லை, உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி ஒற்றடம். நடந்தார். அனுப்பினார்கள். மறுபடியும் கட்டிலில் திரும்பி வந்தார். அப்புறமும் தேற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாளே, படுத்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது.

ஆடிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பூதத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணெயை மாற்றிப் பார்த்தாயிற்று. நீவுகிற விதத்தை மாற்றிப் பார்த்தாயிற்று. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, என் கையில என்ன குறை?"

உலகம்மை கட்டுத்துணி ஒன்றை எடுத்துவந்தாள். கையை நீட்டச் சொன்னாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"இப்படியே கொம்பையா வீட்டுக்குப் போங்க. பொழுது சாயிற மட்டும் இருந்துட்டு வாங்க."

"கையைக் கட்டிட்டா நான் என்னத்த வைத்தியம் பார்க்க?"

"பார்க்கத்தான் கட்டியிருக்கேன்."

தெருவில் போகும்போதே ஒருத்தன், எந்த மாடு உதைச்சுது அண்ணாச்சி என்றான். தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சேர்ந்தார்.

கட்டிய கையோடு மூலையில் உட்கார்ந்தார். செய்ய ஒரு வேலையும் இல்லாததால் கண் சும்மா இருக்கவில்லை. கொம்பையாவின் கயிற்றுக் கட்டில் தொட்டில் மாதிரி தொய்ந்து கிடந்தது. நல்ல காலுள்ளவனே அதிலிருந்து எழ நாலு தடவை முக்க வேண்டும். வாசல்படி முழங்கால் உயரம். வைத்தியசாலைக் கூடம் தாம்பாளம் மாதிரி இருக்கும். இங்கே தரை மேடும் பள்ளமும்.

கொம்பையா ஒருவழியாகக் காலைக் கீழே ஊன்றினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பிச்சம்மாள் வாழைப்பழச் சீப்போடு நலம் கேட்க வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று, பெத்த மகன் இருந்தா இப்படி நடக்க விடுவானா என்று பொருமினாள். செல்லத்தாய் ஓடிவந்து மாமனாரைப் படுக்க வைத்தாள். பிச்சம்மாள் போனதும் இன்னொருத்தர். மத்தியானத்துக்குள் ஒன்பது பேர். ஒருத்தரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தரும் 'பாவம்' என்று சொல்லாமல் போகவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டாலே கொம்பையா தானாகவே காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் முன்னால் எழுந்து நின்றால் அவர்களை மதிக்காத மாதிரி ஆகிவிடுமாம்.

செல்லத்தாய் பூதத்தானையும் விடவில்லை. கட்டிய கையைப் பார்த்துச் சோற்றை ஊட்டியே விட்டாள். தண்ணீரை வாயில் ஊற்றினாள். எழுந்தால், உட்காருங்க ஐயா என்றாள். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு முழம் தள்ளி இருந்த விசிறியைக் காலால் இழுத்துக்கொள்ளலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. செல்லத்தாயைக் கூப்பிடலாமா என்றுதான் யோசித்தார். யோசித்ததும், ஒரே பகலில் தனக்கும் இப்படியா என்று பகீரென்றது.

கிளம்பும்போது செல்லத்தாயிடம், அவர் நடந்தால்தானே அம்மா மண்வெட்டி நிற்கும் என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்குத் தெரியாதா ஐயா? நான் இந்தத் தெருவுல குடியிருக்கணுமே."

அவர் திரும்பி வந்ததும் உலகம்மை கட்டை அவிழ்த்தாள். தோள்பட்டை மரத்துப்போய், கையை உயர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதை எல்லாம் சொன்னார்.

"செல்லத்தாய்க்கு எடுத்துச் சொல்லட்டுமா அம்மா?"

"அவளுக்குத் தெரியாததையா சொல்லப் போறீங்க?"

"அப்ப பிச்சம்மாளை வராதேன்னு சொல்லிருவோம்."

"நாளைக்கு உங்க கால் ஒடிஞ்சா பழம் கொண்டுவர ஆள் வேண்டாமா?"

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை உலகம்மை ஒரு கலயம் கஷாயத்தோடு கொம்பையா தெருவுக்குப் போனாள். எல்லாரையும் வெளியே கூப்பிட்டாள். அந்த ஊரில் வைத்தியர் வார்த்தையை மீறுவார்கள், பத்தியத்தை மட்டும் மீற மாட்டார்கள். பத்தியம் முறிந்தால் மருந்து விஷமாகும், பழி முறித்தவர் தலையில் விழும் என்று அத்தனை பயம்.

"கடுமையான மருந்து. பதினொரு நாள் பத்தியம்" என்றாள்.

புளியா உப்பா எதைத் தள்ளணும் என்று செல்லத்தாய் கேட்டாள்.

"மருந்து கொம்பையாவுக்கு. பத்தியம் தெருவுக்கு."

தெரு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். நலம் கேட்க யாரும் வீட்டுக்குள் போகக் கூடாது. காலையிலும் சாயங்காலமும் தெருமுனைக் கல்லில் காத்திருக்க வேண்டும், அவர் வருவார். கொடுக்கிறதை அங்கே அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் மேல் யார் கையும் படக் கூடாது. ஆம்பளைகள் இன்றைக்கே கட்டில் கயிற்றை இறுக்கி, வாசல்படிக்குக் கீழே ஒரு கல் போட்டுவிட வேண்டும். பதினொரு நாளைக்குப் 'பாவம்' என்ற சொல் தெருவில் கேட்கக் கூடாது.

"அது என் வாயில தானா வருமே" என்றாள் பிச்சம்மாள்.

"வந்தா மருந்து முறிஞ்சிரும்."

அன்று சாயங்காலம் கொம்பையா வீட்டிலிருந்து தெருமுனைக் கல்லுக்கு வந்து சேர்வதற்குள் பிச்சம்மாள் கையிலிருந்த இட்லி ஆறிப்போயிற்று. அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். நாலாம் நாள், அவர் வரக் கொஞ்சம் தாமதமானது. எவ பத்தியத்தை முறிச்சது என்று தெருவே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுச் சண்டைக்கு நின்றது. ஏழாம் நாள் மழை. குடையோடு காத்திருந்தார்கள். செல்லத்தாய் வாசலிலேயே நின்று மாமனார் போவதைப் பார்த்தாள். அவளை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை.

பூதத்தானுக்குத்தான் நிம்மதி இல்லை. தெரு வேறு, கரை வேறு. தினமும் போய்க் கரையின் ஈரத்தை மிதித்துப் பார்த்துவிட்டு வருவார்.

ஆடி பிறந்தது. சாரல் விடவில்லை. கரை வழுவழுவென்று கிடந்தது. கொம்பையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முன்னால் நாட்டாமை. பின்னால் ஊர். பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் பூதத்தான். மறுபக்கம் உலகம்மை.

பங்குனியில் விழுந்த இடம் வந்தது. கொம்பையா நின்றுவிட்டார். ஒரு அடி எடுத்துவைத்தார், சறுக்கியது. நாட்டாமை திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து பத்துக் கை நீண்டது. பூதத்தானின் கையும் தானாகவே எழுந்தது. தொட்டால் மண்வெட்டி போகும். தொடாவிட்டால் மனுஷனே போவார். பூதத்தான் உலகம்மையைப் பார்த்தார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிச்சம்மாள் அதைப் பார்த்துத் தன் கையைப் பின்னால் கட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு ஊர் முழுக்க. செல்லத்தாயும் கட்டிக்கொண்டாள். கடைசியாக, லாடம் கட்டிய அந்த இரண்டு கைகளும் பின்னால் போயின.

கொம்பையா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பெருவிரலை மண்ணில் அழுத்தி ஊன்றினார். அடுத்த காலை எடுத்துவைத்தார். அதற்கடுத்த காலையும் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மடையில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு பூதத்தான் உலகம்மையிடம், அந்தக் கஷாயத்தில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். சீரகம் என்றாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவருக்கு மனசு அடங்கவில்லை.

"அம்மா, அவர் விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா கட்டுப் போட்டிருப்போம் அண்ணாச்சி. அது நமக்குத் தெரிஞ்ச வேலைதானே."

சொல்லிவிட்டு வாய்க்காலில் இறங்கி, வந்த புதுத்தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தாள்.