கூட்டுக்குள் ஒரு வாய்க் களிமண்

நீங்கள் எழுதும் விதிப்படி வாழப்போகிறவரின் வீட்டுக்குள் ஒருமுறையேனும் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் காலத்தில், பறவைகள் சபை கூடி வழக்காடிய நாளில், ஏரிக்கரைப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னி வந்தன. அந்தப் பின்னலுக்கு உரிமையாளர் எவருமில்லை. ஒரு குருவி நல்ல முடிச்சொன்றைக் கண்டுபிடித்தால், மறுநாள் மரமெங்கும் அந்த முடிச்சுதான்.

எல்லாக் கூடுகளும் ஒரே முறையில் அமைந்தால் புயலில் எந்தப் பறவையும் எந்தக் கூட்டிலும் ஒதுங்கலாம் என்று கழுகரசரின் சபை எண்ணியது. எண்ணம் நல்லதே. ஆனால் விதி எழுதும் பொறுப்பு தகைவிலான் குருவிக்குப் போயிற்று. பாறையிடுக்கில் மழை படாமல் மண்கூட்டில் வாழும் அது, தன் வீட்டைப் பார்த்தே எழுதியது: "கூடு முழுவதும் களிமண்ணால் ஆகுக. பத்து நாளில் மாறாதவை அறுத்தெறியப்படும்."

நாரன் என்ற தூக்கணாங்குருவியின் கூட்டில் அப்போது மூன்று முட்டைகள் இருந்தன. அது சபைக்குப் பறந்தது.

"ஐயா, ஓலை நுனியில் மண்கூடு எப்படித் தொங்கும்?"

"அது அடுத்த கூட்டத்துக்குரிய பொருள்," என்றது தகைவிலான்.

"அடுத்த கூட்டம் எப்போது?"

"மழைக்காலம் முடிந்ததும்."

"அதற்குள் என் பிள்ளைகள் ஏரியில் நீந்தப் பழகிவிடுவார்கள், ஐயா."

சபை சிரித்தது, விதி மாறவில்லை. "புல் கிழிக்கத் தெரியாதவனா நமக்குக் கூடு கட்டச் சொல்லித்தருவது?" என்று நாரனின் சுற்றம் சண்டைக்கு நின்றது. நாரனோ புதிய கூடொன்றைக் கூரை முடிந்ததும் பாதியில் நிறுத்தி, உள்வேலை முழுதும் தெரியும்படி தொங்கவிட்டு, தகைவிலானை அழைத்தது.

"உள்ளே வந்து பாருங்கள், ஐயா. குறையிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்."

தகைவிலான் உள்ளே அமர்ந்த நேரம், காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் கூடு கண்டபடி சுழன்றது.

"நனையவில்லை, ஒப்புக்கொள்கிறேன்," என்றது அது, தலைசுற்றலோடு. "இப்படி ஆடினால் முட்டை உருண்டு விழாதா?"

நாரன் குனிந்து ஏரியைப் பார்த்தது. போன ஆண்டு அதன் இரண்டு முட்டைகள் அப்படித்தான் விழுந்தன. மரத்தில் எவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மழை விட்டதும் தகைவிலான் ஏரியிலிருந்து ஒரு வாய்க் களிமண் கொண்டுவந்து உட்சுவரில் அப்பியது. கூடு அடங்கி நின்றது. அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றே விதியையும் திருத்தியது: "பின்னல் அவரவர் முறைப்படி, பாரத்துக்குச் சிறிது மண்." நாரனின் மூன்று முட்டைகளும் பொரிந்தன.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதியில் நிறுத்தி, வந்து பார்ப்பவரின் சொல்லுக்குக் காத்திருக்கிறது. உள்ளே களிமண்ணும் அப்பி வைக்கிறது.

கணினி நிரல்களுக்குத் தரநிலை விதி எழுத அமர்ந்திருப்போரே, பலர் கூடி, எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவைத்து வளர்த்த நிரலுக்குள் இன்றே நுழைந்து அமர்ந்து பாருங்கள். அதை வளர்த்தோரே, உங்கள் விழுந்த முட்டைகளை இன்றே சொல்லுங்கள். மழை அடுத்த கூட்டம்வரை பொறுத்திருக்காது.