பேசும் பலகையும் ஓடக்காரர் மகளும்

முன்னொரு காலத்திலே, கழுதைகூட வாய்ப்பாடு ஒப்பித்த காலத்திலே, ஏழுகிணறு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பில் படுசுட்டி. ஆனால் முதுகிலே புத்தக மூட்டை இருக்கிறதே, அது ஆளையே அமுக்கிவிடும்!

ஒருநாள் சகலந்தெரிந்தான் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். அவன் வாயால் சொன்னது அப்படியே நடக்கும். "மழை வருகிறது" என்றால் கொட்டும். "நின்றது" என்றால் நிற்கும்.

"ராஜாவே, இனிவரும் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை எதற்கு?" என்று சின்னப் பலகை ஒன்றை நீட்டினான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பேசும் பலகை! உங்கள் பைக்குள் கைக்கணினி இருக்கிறதே, அதற்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜா பூரித்துப்போய், பிள்ளைக்கு ஒன்றாக எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. பலகை ஒரு பதிலைச் சொன்னால், அந்தச் சங்கதி பிள்ளையின் தலையிலிருந்து கழன்று மந்திரவாதியின் தலைக்குள் போய்விடும்! வாய்ப்பாடு போச்சு. பாட்டு போச்சு. சொந்த ஊர்ப் பெயரும் போச்சு.

ஓடக்காரர் மகள் தையல்நாயகிக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. அவள் ஒரு பிடிவாதக்காரி. பலகை வாயைத் திறந்தாலே, "இரு இரு, நானே சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் நீ சொல்லு" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். தங்கை பூங்காவனம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று பலகையிடம் கேட்டாள்.

"உன் அக்கா" என்றது பலகை.

"வணக்கம் அக்கா, உட்காருங்க" என்றாள் தங்கை. காலையில்தான், "ஏய் அக்கா, என் சீப்பைக் குடுடி!" என்று முடியைப் பிடித்துச் சண்டை போட்டவள்! தையல்நாயகி ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள், ஒரு கோபம்!

நேரே அரண்மனைக்கு ஓடி, ராஜாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நாட்டைவிட்டு வெளியே போ!" என்று ராஜா மந்திரவாதியைப் பார்த்து உறுமினார்.

"போய் வருகிறேன்" என்று கும்பிட்டான் மந்திரவாதி. மூன்று எட்டு போனான், திரும்பி வந்தான். சொன்னது நடக்கவேண்டுமே! சேவகர்கள் ஈட்டியோடு விரட்டினார்கள். "போய் வருகிறேன்" என்றான். போனான், வந்தான். யானையை விட்டு விரட்டினார்கள். "போய் வருகிறேன்." போனான், வந்தான்!

தையல்நாயகி யோசித்தாள். நம் ஊரில் எந்த மனுஷனாவது "போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவானா? அபசகுனம் என்று வாயைப் பொத்திவிட மாட்டார்களா? அந்த ஒரு வார்த்தையை இவன் வாயிலிருந்து பிடுங்கவேண்டும். சரி, இவனுக்கு எதைக் கேட்டால் பொறுக்காது?

"ஐயா, நாளைக்கு எங்களுக்கு இலக்கணப் பரீட்சை. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கொஞ்சம் சரிபாருங்க" என்று குழைந்தாள். "அவன் போகிறான். நீ போகிறாய். நான்... நான் போகிறாய்."

"தப்பு!" மந்திரவாதிக்குக் காது கூசியது.

"அப்படீன்னா, நான் போகிறான்."

"தப்பு, தப்பு!" அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஆங், வந்துடுச்சு! நான் போகிறது!"

"அடி மக்குப் பெண்ணே! நான் போகிறேன்! போகிறேன்! போகிறேன்!"

அவ்வளவுதான். ஆள் மாயம்! செருப்பு மட்டும் கிடந்தது. மாட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை, பாவம்.

போனவனோடு அவனுடைய திருட்டு மந்திரமும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மறந்ததெல்லாம் மடமடவென்று திரும்பி வந்தது.

"பலகைகளை உடைத்துப் போடுங்கள்!" என்றார் மந்திரி.

"ஐயோ, அது என்ன பாவம் செஞ்சுது?" என்று குறுக்கே நின்றாள் தையல்நாயகி. "ஒவ்வொரு பிள்ளைகிட்டேயும் இருக்கட்டுங்க. ஆனா கேட்டதும் கொட்டக்கூடாது. 'நீ என்ன நினைக்கிறாய்?'னு முதல்ல அது எங்களைக் கேட்கணும்."

"சரி, கேட்கிறோம்" என்றன பலகைகள் ஒரே குரலில். மனிதர்கள் மாதிரி வாக்கு மாறவும் இல்லை. அப்புறம் அந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் பக்கத்து நாட்டுப் பண்டிதர்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து படித்தார்களாம்!

ராஜா தையல்நாயகியை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார். ஜனம் அலைமோதியது. "யார் இந்தப் பெண்?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

பக்கத்தில் நின்ற பூங்காவனம் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்:

"எங்க அக்காடி! எங்க அக்கா!"