முதுகு ஷாட்டுக்கு ஒரு வசனம்

"மாஸ்டர், ஒருத்தன் தனக்குச் சண்டை சொல்லிக் கொடுத்த வாத்தியாரையே அடிச்சுக் கீழ தள்ளிட்டான். தள்ளிட்டு என்ன சொல்லுவான்?"

சீராளன் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக இப்படிக் கேட்டார்.

ஜெசிந்தா மாஸ்டர் அவர் காலைப் பார்த்தார்.

சீராளன் ஷூவைக் கழற்றினார்.

வளசரவாக்கத்தில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஹால். மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது. கொரியாவுக்கே போய் அந்த நாட்டுச் சண்டைக் கலையைக் கற்று வந்தவர். சீராளனுக்கு ஐம்பத்தொன்று. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற உடம்பு.

கொரியப் படம் ஒன்று கைக்கு வந்ததும், அடி வாங்குகிறவன் எப்படி முனகுவான் என்று தெரிந்துகொள்ள இங்கே வந்து சேர்ந்தார். தெரிந்துகொண்டார். நிறையவே தெரிந்துகொண்டார்.

"யாரு அடிச்சது, யாரு விழுந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார் மாஸ்டர்.

சீராளன் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே சூடேறியது.

துறைமுகத்தில் ஒரு கடத்தல் கும்பல். அதைப் பிடிக்க வருகிற போலீஸ்காரன். கும்பலின் தலைவன் வேறு யாருமில்லை, அந்தப் போலீஸ்காரனுக்குச் சின்ன வயதில் கால் வைக்கவும் கை வீசவும் கற்றுக் கொடுத்த வாத்தியார். கடைசியில் மீன் மார்க்கெட்டின் ஐஸ் கிடங்கில் இரண்டு பேரும் மோதுகிறார்கள். அடேயப்பா, அது சண்டை! ஐஸ் பாளம் தெறிக்கிறது, மீன் கூடை பறக்கிறது, பார்க்கிற நமக்குப் பல் கிட்டுகிறது.

படத்தை வாங்கிய மதனகோபால் அதற்குத் தமிழில் 'சியோல் சிங்கம்' என்று பெயர் வைத்திருந்தார். கதை நடப்பது சியோலிலேயே இல்லை, அது வேறு ஊர். 'சி'க்கு 'சி' வருதுல்ல, விடுய்யா என்று சொல்லிவிட்டார்.

"அடிச்சு முடிச்சதும் ஹீரோ நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான் மாஸ்டர். ரொம்ப நேரம் நிக்கறான்."

"சரி."

"கொரியால ஒண்ணுமே பேசல. மூச்சுச் சத்தம் மட்டும்தான்."

"சரி."

"வாய் தெரியாத இடம் மாஸ்டர்! என்ன வேணா எழுதலாம்!"

டப்பிங் வசனம் எழுதுகிறவர்களுக்கு முதுகு ஷாட் என்றால் தீபாவளி. உதடு தெரிந்தால் அந்த உதட்டுக்குத் தகுந்த மாதிரி சொல் தேடித் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். முதுகு தெரிந்தால் கேட்பார் இல்லை. நல்ல முதுகு ஷாட் ஒன்றைச் சும்மா விட்டவர் என்று கோடம்பாக்கத்தில் யாரும் பெயர் வாங்கியதில்லை.

"மதனகோபால் சார் கறாரா சொல்லிட்டார் மாஸ்டர். அந்த இடத்துல விசில் பறக்கணும், தியேட்டர் கிழியணும். இல்லன்னா ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளாம்."

சீராளனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இத்தனை வருஷமா எழுதறேன். என் பேரைப் போஸ்டர்ல போட்டது இந்தப் படத்துக்குத்தான். இதை விட்டா நான் திரும்பவும் பாம்புப் படத்துக்கும் முதலைப் படத்துக்கும்தான் எழுதணும். என்ன சொல்லுவான் மாஸ்டர் அவன்?"

மாஸ்டர் இரண்டு கையிலும் தடித்த பஞ்சுத் தட்டுகளை மாட்டிக்கொண்டார்.

"அடிங்க."

சீராளன் அடித்தார்.

"இன்னும்."

அடித்தார்.

"உங்க கோபம் அவ்வளவுதானா?"

சீராளன் பாய்ந்தார். குத்தினார், உதைத்தார், ஒரு தடவை தவறிப்போய்க் கண்ணாடியில் தெரிந்த தன்னையே உதைக்கப் பார்த்தார். சட்டை ஒட்டிக்கொண்டது. கண்ணில் வேர்வை இறங்கியது.

"போதும்" என்றார் மாஸ்டர். "இப்போ சொல்லுங்க. என்ன சொல்லணும்னு தோணுது?"

சீராளன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"மூச்சு... வாங்குது மாஸ்டர்... பேச்சே... வரல..."

"போயிட்டு வாங்க."

சீராளன் ஷூவை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்றார்.

மூச்சு.

பேச்சு.

ஆகா!

*

"மாஸ்டர், கேளுங்க! பிடிச்சுட்டேன்!"

ஒரு வாரம் கழித்து வந்த சீராளனின் முகத்தில் அப்படி ஒரு களை. ஹாலின் நடுவில் போய் முதுகைக் காட்டி நின்றார். தோளைக் குலுக்கினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார்.

"நான் விட்டது மூச்சு... உனக்கு நின்னது பேச்சு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"குரல் கொடுத்தவருக்குப் புல்லரிச்சுப் போச்சு மாஸ்டர். மதனகோபால் சார் எழுந்து நின்னு கை தட்டினார். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்! எல்லாம் நீங்க கொடுத்ததுதான். அன்னிக்கு நீங்க எனக்கு மூச்சு வாங்க வைக்கலன்னா இது வந்திருக்குமா?"

மாஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குல்ல?"

"எதுகை மோனையா இருக்கு."

"விசில் வரும்ல?"

மாஸ்டர் ஹாலின் நடுவுக்குப் போனார். ஒரு கையை உடம்புக்கு அடியில் மடக்கி, ஒருக்களித்துத் தரையில் படுத்தார்.

சீராளன் பதறிவிட்டார்.

"என்ன மாஸ்டர், என்ன ஆச்சு?"

"நீங்க அடிச்சீங்க. நான் விழுந்துட்டேன்."

"ஐயோ, நான் எங்க..."

"வசனத்தைச் சொல்லுங்க சார்."

சீராளன் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சொல்லிவிடலாம் என்று சீராளன் பக்கத்தில் போய் நின்றார். காலை அகட்டி வைத்தார். அப்படிக் கால் வைக்கக் கற்றுக் கொடுத்தவர் கீழே கிடந்தார். இந்தத் தொப்பையோடு இவருக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தபோது சிரிக்காமல் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிட்டவர். முட்டி பிடித்துக்கொண்ட நாளில் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து வீடு வரை கொண்டுவந்து விட்டவர்.

"நான் விட்டது..."

"சத்தமா."

"நான்..."

கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குப் படுத்திருக்கிறவரைப் பார்த்து இப்படியா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த வார்த்தை வரவில்லை.

"வேணாம் மாஸ்டர்" என்று கையை நீட்டினார்.

மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். உடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க இடது கால் இன்னும் சரியா நிக்கல சார். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க."



*

படத்தின் ஒலிச் சேர்ப்பு கடைசிக் கட்டத்தில் இருந்தது. சீராளன் நேராக அங்கே போனார். சவுண்ட் என்ஜினியர் இன்பராஜ் வடை தின்றுகொண்டிருந்தார்.

"அந்த வசனத்தை எடுத்துருங்க இன்பராஜ்."

"எந்த வசனம்?"

"முதுகு ஷாட்."

"மூச்சு பேச்சா? சார், அதுதானே சார் படமே!"

"எடுங்க."

"எடுத்துட்டு அங்க என்ன வைக்கறது?"

"கொரியாக்காரங்க என்ன வெச்சிருக்காங்களோ அது."

இன்பராஜ் வடையைக் கீழே வைத்தார்.

"மதனகோபால் சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

"எப்போ?"

"படம் வந்ததும்."

*

வெள்ளிக்கிழமை, முதல் காட்சி. தியேட்டர் நிரம்பி வழிந்தது.

படம் ஆரம்பித்தபோது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம், லிஃப்டுக்குள் நடந்த முதல் சண்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சின்ன இடத்தில் ஒரு கும்பலையே ஹீரோ சுருட்டினான்.

"டேய், லிஃப்ட் வெயிட் தாங்காதுடா!" என்று யாரோ கத்த, தியேட்டரே சிரித்தது.

அதற்குப் பிறகு யாராலும் அவர்களை உட்கார வைக்க முடியவில்லை. ஒவ்வொரு உதைக்கும் விசில். பாப்கார்ன் பறந்தது. வில்லனை மட்டும் அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. ஹீரோ அவரை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு, அவர் தலை தெரிந்த போதெல்லாம் "வாத்தி வந்துட்டான்டா!" என்று ஊளையிட்டார்கள்.

சீராளனுக்குப் பக்கத்தில் ஜெசிந்தா மாஸ்டர் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் கால் பறந்தபோதெல்லாம் அவர் காலும் பறந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார்.

இன்னொரு பக்கத்தில் இருந்த மதனகோபால், ஐஸ் கிடங்கு வந்ததும் எழுந்துவிட்டார்.

"யோவ், நான் வெளிய நிக்கறேன்யா. அந்த இடத்தை உள்ள இருந்து பாக்க எனக்கு நெஞ்சு தாங்காது. சத்தம் கேட்டா வர்றேன். கேக்கலன்னா நீ வெளிய வா, பேசிக்கலாம்."

அவர் போன பிறகு சீராளன் மாஸ்டர் பக்கம் சாய்ந்தார்.

"மாஸ்டர், பயமா இருக்கு."

"ஷ்! படம் பாக்க விடுங்க சார்."

ஐஸ் பாளம் தெறித்தது. மீன் கூடை பறந்தது. தியேட்டர் சீட்டின் மேல் ஏறி நின்றது. வாத்தியார்க் கிழவரின் கை ஓங்கியது, ஹீரோவின் கால் சுழன்றது, கிழவர் சரிந்தார்.

ஹீரோ முதுகைக் காட்டி நின்றான்.

விசில் கொஞ்ச நேரம் ஓடி அடங்கியது. கைதட்டல் அடங்கியது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஹீரோ நின்றான்.

யாரோ இருமினார்கள்.

இன்னும் நின்றான்.

போச்சு, என்று நினைத்தார் சீராளன். எல்லாம் போச்சு. பாம்பும் முதலையும் கண்ணுக்குள் வந்தன. எழுந்து ஓடிவிடலாம் என்று சீட்டின் கையைப் பிடித்தார்.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. படம் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

"எந்திரி வாத்தியாரே!"

பால்கனியிலிருந்து இன்னொரு குரல்.

"எந்திரி வாத்தி!"

"தூக்கி விடேன்டா அவரை!" என்று ஒரு பெண் குரல். அதில் அழுகை இருந்தது.

திரையில் அந்த முதுகு மெதுவாகக் குனிந்தது.

அவ்வளவுதான். தியேட்டர் வெடித்தது. இத்தனை நேரமாக ஊளையிட்ட கூட்டம் முழுக்க அந்தக் கிழவரை எழுந்திருக்கச் சொல்லிக் கத்தியது. தெரியாத ஒருவர் சீராளனின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஜெசிந்தா மாஸ்டர் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, காது கிழிகிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.

கதவு தடாலென்று திறந்தது. மதனகோபால் ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர். சீராளனை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டார்.

"கிழிஞ்சிருச்சுய்யா தியேட்டரு! ரெண்டாம் பாகம் நீதான்யா! மூணாம் பாகமும் நீதான்!"

பிறகு அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஆனா இந்த விசில்ல நம்ம வசனம் எனக்குக் கேக்கவே இல்லய்யா! உனக்குக் கேட்டுச்சா?"

"எனக்கும் கேக்கல சார்" என்றார் சீராளன்.