ஏலத்துக்கு வந்த தொட்டில்

தென்காசிக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் ஒரு குடில் இருந்தது. அதை நடத்தி வந்தவர் நித்தியவல்லி அம்மை. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் பெரியவர்கள் உட்பட எல்லோரும் அவரைத் தாயே என்றுதான் கூப்பிட்டார்கள்.

குடில் வாசலில் தினமும் மதியம் கஞ்சி ஊற்றுவார்கள். அரிசிக்கும் விறகுக்கும் வழி, அன்பர்கள் கொடுத்துவிட்டுப் போகிற பழைய பொருட்கள்தான். குத்துவிளக்கு, தையல் மிஷின், சுவர்க்கடிகாரம் என்று எது வந்தாலும் படம் எடுத்து, அதைப் பற்றி நாலு வரி எழுதி, இணையத்தில் ஏலம் விடுகிற ஒரு தளத்தில் போடுவார்கள். வேண்டியவர்கள் விலை கேட்பார்கள். கெடு முடியும்போது யார் கேட்ட விலை அதிகமோ, பொருள் அவருக்கு.

இந்த வேலையைப் பார்த்தவர் பூவலிங்கம். அம்மையின் சீடர்களில் வயதில் மூத்தவர். தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். கைக்குட்டை வாங்க வந்தவர்களைப் பட்டுச்சேலையோடு அனுப்பி வைத்தவர் என்று பெயர்.

"அண்ணாச்சி வாயில விழுந்தா வெந்நீரும் பன்னீராயிரும்" என்பாள், சமையல் பார்க்கும் இசக்கியம்மாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்கு ஒருபோதும் தெளிவானதில்லை.

ஒரு நாள் செண்பகவடிவு என்ற அம்மாள், மரத் தொட்டில் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேக்கு மரம். நாலு கால் சட்டத்தில் தொங்கி ஆடுகிற தொட்டில். அவருடைய மூன்று பிள்ளைகளும் அதில் தூங்கி வளர்ந்தவர்கள். இப்போது மூவரும் வெளியூரில். பேரப்பிள்ளைகளோ பள்ளிக்கூடம் போகிற வயது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாராம். இப்போதெல்லாம் ஸ்பிரிங் வைத்த தொட்டில்தான் வாங்குகிறார்களாம்.

"கிடைக்கிற காசு உங்க அடுப்புக்கு, அண்ணே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இதுல இன்னொரு பிள்ளை தூங்கணும். அதுக்குத்தான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் செண்பகவடிவு.

"அந்தக் கவலையை என்கிட்ட விட்டுடுங்க" என்றார் பூவலிங்கம்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். தொட்டிலுக்குச் செவ்வந்திச் சரம் சுற்றினார். உள்ளே பித்தளை உருளியை வைத்து, தண்ணீர் விட்டு, பூ மிதக்க விட்டார். இரண்டு பக்கமும் விளக்கேற்றிப் படம் எடுத்தார். "அரண்மனைகளை நினைவூட்டும் அரிய கலைப் பொக்கிஷம். உங்கள் இல்லத்தின் அழகை உச்சிக்கு உயர்த்தும்" என்று எழுதினார். எழுதியதைத் தானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தார்.

விலை மளமளவென்று ஏறியது. மலைமேல் தங்கும் விடுதி வைத்திருந்த ஒருவர் எல்லோரையும் தாண்டிக் கேட்டிருந்தார். வரவேற்பறையில் வைத்துப் பூந்தொட்டிகளை அடுக்கினால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் செண்பகவடிவு போன் செய்தார்.

"என் தொட்டிலுக்குப் பிள்ளை கிடைச்சிருச்சாண்ணே?"

பூவலிங்கம் விலையைச் சொன்னார். கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதையும் சொன்னார்.

"செடி வைக்கவா" என்று மெல்லக் கேட்டார் செண்பகவடிவு. பிறகு, "சரிண்ணே. உங்க அடுப்பு எரியணும்ல. எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார் பூவலிங்கம். நேரே அம்மையிடம் போய் நின்றார்.

"தாயே, விக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில். ஒரு பொருளைப் பத்தி எப்படி எழுதினா, அதுக்கு உரிய கை வந்து எடுக்கும்?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏலம் முடிய நாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றார் பூவலிங்கம். அப்படியானால் நாளைக்குக் கஞ்சிப் பலகையை அவரே எழுத வேண்டும், அதுவும் அவருக்குப் பிடித்த மாதிரியே எழுத வேண்டும் என்றார் அம்மை.

அன்றைய கஞ்சியை எழுதி வைக்கச் சாலையோரம் ஒரு கரும்பலகை உண்டு. பூவலிங்கத்துக்குப் பலகை கிடைத்தால் கேட்கவா வேண்டும். காலையிலேயே கலர் சாக்பீஸ் எடுத்து, ஓரத்தில் பூ வரைந்து, "சாரல் மணம் கமழும் ஆனந்தத் திருவமுது" என்று எழுதி வைத்தார்.

அருவிக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்றன. இறங்கியவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏசி இருக்கிறதா, வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கஞ்சியைப் பார்த்ததும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லபடியாகவே கையைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

வழக்கமாக வருகிற செங்கல் சூளைப் பெண்களைக் காணவில்லை. பார்த்தால், எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் நின்று பலகையையும் கார்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐயா, பானையை அங்கே கொண்டுபோங்க" என்றார் அம்மை.

பூவலிங்கம் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். இசக்கியம்மாள் துவையலோடு பின்னால் போனாள்.

"இன்னைக்கு யார் வீட்டு விசேஷம்? நாங்க வரலாமா கூடாதான்னு தெரியல" என்று கேட்டார்கள் அந்தப் பெண்கள்.

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. அண்ணாச்சிக்குச் சாக்பீஸ் கிடைச்சிருச்சு, அவ்வளவுதான்" என்றாள் இசக்கியம்மாள்.

மறுநாள் அம்மை பலகையைத் துடைத்தார். "கஞ்சி. தேங்காய்த் துவையல். வாங்க, உட்காருங்க" என்று எழுதினார். சூளைப் பெண்கள் நேரே வந்து உட்கார்ந்தார்கள். வெயில் சாயும் முன்னே பானை காலி.

பூவலிங்கம் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நேத்தும் இதே கஞ்சிதானே தாயே?"

"இதேதான் ஐயா."

அவர் போய் ஏலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கெடுவுக்கு முன்னால் அப்படி எடுக்கத் தளத்தில் வழி இருந்தது. விடுதிக்காரருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். அவரும் நல்ல மனிதர். பிள்ளை தூங்க வேண்டிய இடத்தில் செடி வைத்த பாவம் எனக்கு எதற்கு என்று சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார்.

பிறகு பூவலிங்கம் செண்பகவடிவைக் கூப்பிட்டார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் அப்போதுதான் கேட்டார். பிள்ளை எத்தனை மாதம் வரை இதில் படுக்கலாம், எவ்வளவு கனம் தாங்கும், கழற்றி மாட்ட முடியுமா, ஏதாவது பழுது உண்டா.

செண்பகவடிவுக்குக் குரல் தெளிந்துவிட்டது. பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்றார். ஆடும்போது இடது பக்கம் கிறீச்சென்று சத்தம் வரும், தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளைக்கு அடங்கும் என்றார். அந்தச் சத்தம் கேட்டால்தான் இரண்டாமவன் தூங்குவானாம். மேல் சட்டத்தில் சின்னவள் பல் முளைத்தபோது கடித்த தடம் இருக்கிறது, இழைத்துவிடட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார் பூவலிங்கம்.

பூச்சரத்தையும் உருளியையும் எடுத்துவிட்டு, தொட்டிலை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளைச் சுவர் முன்னால் வைத்துப் படம் எடுத்தார். "குழந்தை தூங்க மரத் தொட்டில்" என்று தலைப்புக் கொடுத்தார். நீளம், அகலம், மரம், தாங்கும் கனம் எல்லாம் எழுதினார். கிறீச் சத்தத்தையும் பல் தடத்தையும் மறைக்கவில்லை. தடத்தைக் கிட்டத்தில் வைத்துத் தனிப் படமே போட்டார்.

ஒருவரும் கேட்கவில்லை.

பார்த்தவர்கள் நிறையப் பேர் என்று தளம் காட்டியது. பார்த்தார்கள், போனார்கள். செண்பகவடிவு சாயங்காலம் தவறாமல் கூப்பிட்டு, பிள்ளை கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பூவலிங்கத்துக்கு நா வறண்டது.

மறுபடியும் அம்மையிடம் போனார்.

"பொய் எழுதல தாயே. பூச்சும் பூசல. எல்லாம் உள்ளது உள்ளபடி. அப்புறம் ஏன் யாரும் வரல?"

அம்மை போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். இதை இசக்கியம்மாளிடம் காட்டுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

இசக்கியம்மாள் பார்த்த வேகத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வெறுந்தொட்டிலையா அண்ணாச்சி ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கீங்க? மாசமா இருக்கிற பொண்ணு இதைப் பாத்தா மனசு என்ன பாடுபடும்? நீங்க பிள்ளை பெத்திருந்தா தெரியும்."

பூவலிங்கத்துக்கு மூன்று பிள்ளைகள் உண்டு.

அம்மை எழுந்து அடுக்களைக்குப் போனார். அம்மியிலிருந்து குழவிக்கல்லை எடுத்தார். துவையல் வாசம் போகக் கழுவினார். பழைய வேட்டியைக் கிழித்து அதற்குச் சுற்றினார், கழுத்துவரை போர்த்துகிற மாதிரி. அடுப்புக் கரியைத் தொட்டுக் கன்னத்து இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். தொட்டில் போடும் வீட்டில் முதலில் குழவிக்கல்லைத்தானே கிடத்துவார்கள், பிறகுதானே பிள்ளை. அப்படியே தொட்டிலில் கிடத்தி, லேசாக ஆட்டிவிட்டார். கிறீச் என்றது.

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதோட அம்மா அம்மி ஜாடைதான்" என்றாள்.

பூவலிங்கம் படம் எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"தாயே, இது பொய்யாகாதா? கல்லைப் பிள்ளை மாதிரி..."

"பிள்ளைன்னு எழுதாதீங்க ஐயா. கல்லுன்னே எழுதுங்க."

அப்படியே எழுதினார். "உள்ளே தூங்குவது எங்கள் அடுக்களைக் குழவிக்கல். அது விற்பனைக்கு இல்லை. நாளை துவையலுக்கு வேண்டும்."

அன்று சாயங்காலமே செய்திகள் வந்து குவிந்தன. பாதிப் பேர் குழவிக்கல்லின் பெயரைக் கேட்டார்கள். ஒரு பாட்டி, கல்லுக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார். இப்படிச் சிரித்தவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் விலை கேட்டிருந்தார். சங்கரன்கோவில் பக்கம் லாரி ஓட்டுகிறவர், பெயர் வேலாண்டி. தொடக்க விலையைத்தான் கேட்டிருந்தார், ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. கூடவே எழுதியிருந்தார்: "வீட்டுக்காரிக்கு இந்த மாசம் பேறுகாலம். முதல் பிள்ளை. பல் தடம் இருக்கிற பக்கத்துல பிள்ளைக்குக் கீறுமா, இல்ல வழவழன்னு இருக்குமா? வழவழன்னா நானே வண்டியோட வந்து எடுத்துக்கிறேன்."

பூவலிங்கம் ஓடிப் போய்த் தொட்டிலின் மேல் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். போதாதென்று தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. அப்படியே பதில் எழுதினார்.

கெடு முடிந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. தொட்டில் வேலாண்டிக்கு ஆயிற்று.

செண்பகவடிவுக்குச் சொன்னபோது அந்த அம்மாள் முதலில் கேட்டது, எந்த ஆஸ்பத்திரி என்பதை. அப்புறம், பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று. அப்புறம் சாமி சாமி என்று இரண்டு தடவை சொன்னது மட்டும் கேட்டது.

வேலாண்டி வருகிற அன்று காலை, பூவலிங்கமும் அம்மையும் தொட்டிலைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூவலிங்கத்தின் முகத்தில் சந்தோஷம்தான். ஆனாலும் ஜவுளிக்கடை அவ்வளவு சீக்கிரத்தில் ஒரு மனிதரை விட்டுப் போகாது. கயிற்றை இறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது தாயே. ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்துது. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாங்க. கேட்டது ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு ஆளுக்காகவா இவ்வளவும் எழுதினேன்?"

அம்மை கயிற்றின் அடுத்த முனையைப் பிடித்திருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"தொட்டில்ல எத்தனை பிள்ளை படுக்கும் ஐயா?"