அல்வாவுக்கு நெய், டைட்டானியத்துக்கு?

வாயாலேயே லேத் ஓட்டுகிற மேனேஜர் ஒருத்தர் எங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறையில் இருந்தார். பெயர் திருவேங்கடம். அங்கே புதிதாக டைட்டானியம் வந்தது. விசித்திரமான உலோகம், உறுதியானதுதான், ஆனால் வெட்டும்போது மெத்தென்று இழுபட்டு, டூலில் பிசினாய் ஒட்டி அதை உடைத்துவிடும். டூல்மேல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே மெதுவாகத்தான் வெட்ட வேண்டும்.

“மெத்துன்னு இருக்கறதுக்கு எண்ணெய் எதுக்கு? அதை நிறுத்து. வேகமா ஓட்டு. இன்னொரு டூல் உடைஞ்சா வீட்டுக்குப் போயிரு!” என்றார், லேத் ஓட்டும் வெள்ளியங்கிரியிடம்.

மறுநாள் ஆயுத பூஜை. முதலாளி முன்னால் வெள்ளியங்கிரி அல்வாத் தட்டையும் கத்தியையும் மேனேஜரிடம் நீட்டினான்.

“உங்க கையால துண்டு போடுங்க சார். வேகமாங்க, எல்லாரும் காத்திருக்கறாங்க.”

கத்தியெல்லாம் அல்வா அப்பிக்கொண்டது.

“அவசரப்படுத்தாதே! கத்திக்கு நெய் கொண்டா!” என்று மேனேஜர் எரிந்து விழுந்தார்.

“நேத்து டைட்டானியத்துக்கு நீங்க சொன்ன மாதிரி, அல்வாவும் மெத்துன்னுதானுங்களே இருக்குது. நெய் எதுக்குங்க சார்?”

முதலாளி இருவரையும் பார்த்தார். “வெள்ளியங்கிரி, நாளைக்கு எண்ணெயைத் திறந்து விடு. வேகத்தை நீயே வெச்சுக்கோ. மேனேஜர், நீங்க அல்வாவை மட்டும் பாருங்க.”