குழிமூக்கா, உருண்டைமூக்கா?

துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேக்குற சர்க்கார் புளுகுக்கும் கேட்டிருந்தா, சோழவந்தான் வடமலை பாதி ஆயுசை ஜெயில்லதான் கழிச்சிருப்பார். நல்ல வேளை, கேக்கல. அதனால மனுசன் பாதி நாளு மதுரை கீழவாசல் சந்துல இருக்குற காந்திமதியோட துப்பாக்கிக் கடை பெஞ்சுலதான் உக்காந்திருப்பார். வாங்குறது ஒண்ணும் இருக்காது. வர்றவன் போறவனுக்கெல்லாம் எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டான்னு யோசனை சொல்லுவார். யாரும் கேக்க வேண்டிய அவசியமே இல்ல.

அன்னைக்கு அவர்கிட்ட மாட்டினவன் போடி மாசிலாமணி. ஏலக்காய் வியாபாரி. கரப்பான்பூச்சி வந்தாக்கூடக் காலைத் தூக்கி நாக்காலி மேல வச்சுக்கிற ஆளு. அவனுக்கு எதுக்குத் துப்பாக்கின்னு கேட்டா, அது ஒரு வயித்தெரிச்சல். தோட்டத்துலேர்ந்து ஏலக்காய் மூட்டையை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில இறங்கி வர்றப்ப, எவனோ ரோட்டுக்குக் குறுக்க மரத்தை வெட்டிப் போட்டு ஜீப்பை மறிச்சுட்டான். மூட்டையை எடுத்துக்கிட்டவன் சும்மா போகாம, இவன் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டுப் போயிட்டான். மூட்டை போனதுகூட ஆறிருச்சு, அந்த அறைதான் ஆறல. "அடுத்த தடவை நான் பக்கத்துல உக்காந்திருக்கப்ப அடிச்சா என்ன பண்ணுவீக?"ன்னு பொண்டாட்டி சுந்தரவல்லி கேட்டா பாருங்க, அது அதைவிட ஆறல. நாயா அலைஞ்சு லைசென்ஸ் வாங்கி, சட்டைப்பையில அடங்குற மாதிரி ஒரு குட்டி பிஸ்டலைப் போன மாசம் இதே கடையில வாங்கிட்டுப் போனான். இப்ப அதுக்குத் தோட்டா வாங்க வந்திருக்கான்.

காந்திமதி திருநெல்வேலிக்காரி. வார்த்தையை அளந்துதான் பேசும். ரெண்டு டப்பாவை எடுத்து மேசை மேல வச்சுச்சு.

"இது உருண்டைமூக்கு. துப்பாக்கிக்குள்ள சிக்காம ஏறும், பட்டா நேரா உள்ள போகும். இது குழிமூக்கு, மூக்குல சின்னதா பள்ளம் இருக்கு பாரு. பட்ட இடத்துல விரியும், அப்படியே நிக்கும். ஆனா உன் துப்பாக்கிக்குக் குழல் குட்டை, அவ்வளவு வேகம் வராது. விரிஞ்சாலும் விரியும், விரியாமலும் போகும். யோசிச்சுச் சொல்லு தம்பி. வித்த தோட்டாவை நான் திருப்பி வாங்க மாட்டேன். லைசென்ஸ்லயும் இந்த வருசத்துக்கு ஒரு டப்பாதான் போட்டிருக்கு."

பொண்ணு பாக்கப் போன வீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கொண்டாந்து நிறுத்தின மாதிரி முழிச்சான் மாசிலாமணி. தப்பா எடுத்துட்டா வருசம் பூரா அதோடதான் மலை ஏறணும், இறங்கணும். பக்கத்துல சுந்தரவல்லி வேற இருப்பா. கை உருண்டைமூக்கு டப்பா பக்கம் போச்சு.

"தம்பி, அதைத் தொடாத!"ன்னு பெஞ்சுலேர்ந்து ஒரு சத்தம். வடமலைதான்.

"ஏண்ணே?"

"நான் தொட்டுக் கெட்டவன்யா. என் தென்னந்தோப்புல ஒரு களவாணிப் பய மரத்து மேல உக்காந்திருந்தான். உருண்டைமூக்கைப் போட்டு ஒரே வெடி. குண்டு அவன் வேட்டியில இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துருச்சு. அவனுக்கு ஒரு கீறல் இல்ல. அதோட நின்னுச்சா? இளநியைத் துளைச்சது, வைகையைத் தாண்டுச்சு, வாடிப்பட்டிச் சந்தையில ஒரு பூசணிக்காய்க்குள்ள போயி வெளிய வந்துச்சு. திண்டுக்கல்ல ஒரு பூட்டுக் கடை, அங்க தொங்கின பூட்டோட சாவி ஓட்டை வழியா போயிருக்கு, பூட்டே தொறந்துக்கிருச்சாம். கடைசியில கரூர்ல போயி ஒரு கொசுவலையில விழுந்துச்சு. அந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன். 'உங்க சாமான் இங்க வந்துருச்சு, வந்து எடுத்துட்டுப் போங்க'ன்னு எனக்கு ஆள் விட்டாரு."

ரெட்டைக் குழல் துப்பாக்கியைப் பழுது பாக்கக் குடுத்துட்டு ஓரமா உக்காந்திருந்தார் பேங்க் காவல்காரர் அழகுமலை. அவருக்குப் பொறுக்கல. "குண்டுல உங்க பேரு எழுதியிருந்துச்சாக்கும்?"

"எதுக்கு எழுதணும்? அம்புட்டு தூரம் சுடுறவன் இந்தச் சீமையில வேற எவன் இருக்கான்னு அவருக்கே தெரியாதா?"

அழகுமலை தலையில அடிச்சுக்கிட்டார். வடமலை அதையும் பாராட்டுன்னே எடுத்துக்கிட்டு மாசிலாமணி பக்கமா நகந்து உக்காந்தார்.

"அன்னைக்கோட குழிமூக்குக்கு மாறினவன்தான் தம்பி. விரியும் விரியும்னு இந்தத் தாயி சும்மா சொல்லுது. எம்புட்டு விரியும்னு சொல்லலையே! என் தங்கச்சி மக கல்யாணம், தாலி கட்டுற நேரம், பிச்சுக்கிட்டு ஊத்துது மழை. பந்தக்காரன் ஓட்டைக் கீத்தைப் போட்டு ஏமாத்திட்டான். பொண்ணு தலையில சொட்டு, மாப்பிள்ளை தலையில சொட்டு, ஐயரு அக்கினி அணைஞ்சு போச்சுன்னு எந்திரிச்சுட்டார். வானத்தைப் பாத்து ஒண்ணு விட்டேன். குழிமூக்கு மேல போயி விரிஞ்சுச்சு பாரு, மண்டபம் அளவுக்கு! தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, கடைசி ஆளுக்குத் தாம்பூலம் குடுக்குற வரைக்கும் அப்படியே மேல நின்னுச்சு. சம்பந்தி வீட்டுக்காரக இன்னமும் அந்தப் பந்தலுக்கு வாடகை எம்புட்டுன்னு கேட்டுக்கிட்டிருக்காக."

"குட்டைக் குழல்ல விரியாதுண்ணே"ன்னு காந்திமதி நிமிராமலே சொல்லுச்சு.

"மத்தவன் துப்பாக்கியில விரியாது தாயி. என்னோடது மானம் ரோசம் உள்ள துப்பாக்கி."

பொய்னு மாசிலாமணிக்கும் தெரியாம இல்ல. ஏலக்காய்ல ஈரம் எம்புட்டுன்னு கையில எடுத்ததும் சொல்றவனுக்கு இதுகூடவா தெரியாது? ஆனா பயந்து கிடக்குறவனுக்கு எவனாவது தைரியமா பேசினாலே போதும், வாயப் பொளந்து கேப்பான். அவன் கேட்டான். "எங்களை மறிச்சவன் நல்ல தடியன்ணே. கையி ஒலக்கை கணக்கா இருந்துச்சு. ஒரு குண்டுல நிப்பானா?"

"அப்ப கனம் பாக்கணும். கனம் பாக்காம வாங்கி நான் பட்ட பாடு இருக்கே! ஒரு தடவை ஆசைப்பட்டு ரொம்பக் கனமான குண்டாப் போட்டுட்டேன். திருடன் எதிர்ல நிக்கிறான். சுட்டேன். குண்டு கிளம்புது, ஆடி அசைஞ்சு, தேரு வர்ற மாதிரி. வேகமே இல்ல. நான் அதைத் தாண்டி நடந்து போயி, 'ஏப்பா, சித்த நில்லுப்பா, இந்தா வந்துக்கிட்டே இருக்கு'ன்னேன். அவனும் மரியாதை தெரிஞ்சவன், பீடியைப் பத்த வச்சுக்கிட்டு நின்னான். சும்மா நிக்கிறோமேன்னு ஊரு பேரு விசாரிச்சா, எங்க சித்தப்பா வழியில சொந்தமாப் போயிட்டான்! அடப்பாவி, சொந்தக்காரனையா சுட்டோம்னு திரும்ப ஓடிப்போயி, பாதி வழியில வந்துக்கிட்டிருந்த குண்டை எட்டிப் புடிச்சு மடியில கட்டிக்கிட்டேன். அவன் மகதான் இப்ப எங்க வீட்டு மருமக."

"சுட்ட குண்டைக் கையிலயா புடிச்சீக? கொதிக்காது?"ன்னார் அழகுமலை.

"துண்டை வச்சுப் புடிச்சேன்யா. நான் என்ன கிறுக்கனா?"

மாசிலாமணி சிரிச்சுட்டான். அந்த அறை விழுந்த நாளுக்கப்புறம் அவன் வாய்விட்டுச் சிரிச்சது இப்பத்தான். வடமலைக்கு அது போதாதா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எந்திரிச்சே நின்னுட்டார்.

"கனம் ஆகாதுன்னு அடுத்தாப்புல லேசான குண்டு, வெடிமருந்து கொஞ்சம் தூக்கல். சின்னத் துப்பாக்கின்னு எளக்காரமா நினைக்காத தம்பி, சின்னதுதான் பெருசா உதைக்கும். சோழவந்தான்ல நின்னு வடக்கு பாத்துச் சுட்டேன். குண்டு வடக்க போச்சு, நான் தெக்க போனேன். மதுரை போச்சு, திருமங்கலம் போச்சு, பொத்துன்னு விழுந்து கண்ணைத் தொறந்தா விருதுநகர்! அதுவும் எண்ணெய்ப் புரோட்டாக் கடை வாசல்ல. வந்தது வந்தோம்னு நாலு பிச்சுப் போட்டுத் தின்னுட்டு, தெக்கு பாத்து ஒண்ணு விட்டேன். வீட்டுத் திண்டுல வந்து சாஞ்சுட்டேன். கையில குருமா வாசனைகூடப் போகல."

"அந்த வடக்க போன குண்டு?"ன்னு கேட்டார் அழகுமலை.

"அது இன்னும் திரும்பல. வட நாட்டுல எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கு."

இதுக்கு மேல மாசிலாமணி யோசிக்கல. நெஞ்சை நிமித்திக்கிட்டு, "அக்கா, குழிமூக்கே குடுங்க"ன்னுட்டான். அந்தத் தடியன் எதிர்ல வந்தா ஒரே வெடி, அவன் விருதுநகர்ல போயி விழுவான், சுந்தரவல்லி அசந்து போயிருவான்னு மனசுக்குள்ள படமே ஓட ஆரம்பிச்சிருச்சு.

காந்திமதி டப்பாவை எடுக்கல. "இரு தம்பி. அண்ணன் துப்பாக்கியை எண்ணெய் போடக் குடுத்திருக்காரு. அதை முடிச்சுட்டு வாறேன்"னு சொல்லி, வடமலையோட வெல்வெட்டுப் பையை அவுத்துச்சு. தோட்டா இருக்குற மேகசினை இழுத்தா வரல. மரச் சுத்தியலால தட்டித் தட்டித்தான் வந்துச்சு. தோட்டாக்களைத் தட்டுல கொட்டினா, அத்தனையும் குழிமூக்கு. அத்தனை குழியிலயும் குங்குமம். காந்திமதி துப்பாக்கியைப் பிரிச்சு, குழலுக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாத்துச்சு. மறுபக்கம் வெளிச்சம் வரல. கம்பியை விட்டுச்சு, பாதியிலயே முட்டி நின்னுச்சு. சுரண்டினா மஞ்சளா ஒரு கட்டி உதிந்துச்சு. கடை பூரா கம்முனு சந்தன வாசம்.

அழகுமலை எந்திரிச்சு வந்து மோந்து பாத்தார். அம்புட்டுதான், வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். "ஆயுத பூசை! யோவ், ஆயுத பூசைக்கு வச்ச பொட்டுய்யா இது! வருசா வருசம் குழல் வாயில வச்சு வச்சு, ஒரு தடவைகூடச் சுடாததால கெட்டிச்சுப் போயிருக்கு!"

"அண்ணே, கடைசியா எப்ப சுட்டீக?"ன்னு காந்திமதி கேட்டுச்சு.

வேற யாரா இருந்தாலும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் படி இறங்கியிருப்பான். வடமலை கண்ணைக்கூடச் சிமிட்டல.

"அடடா, தொழில் ரகசியத்தைப் பப்ளிக்ல உடைச்சுட்டியே தாயி! அது நானே வேணும்னு அடைச்சு வச்சதாக்கும். இப்பல்லாம் நான் குண்டை வெளிய விடுறதில்ல, பாவம்னு. விசையை அழுத்தினா வாசனை மட்டும்தான் போகும். திருடன் மூக்குல பட்ட மாத்திரத்துல அவனுக்குச் சாமி வந்துரும். எங்க ஊர்ல இப்ப ஒரு திருட்டு உண்டா, கேட்டுப் பாருங்க! அத்தனை பயலும் வேப்பிலையும் கையுமா உக்காந்து குறி சொல்லிக்கிட்டிருக்கான். எனக்கு மட்டும் காணிக்கை இல்லாம சொல்லுவானுங்க."

மாசிலாமணிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அப்படி ஒரு சிரிப்பு. இந்த மனுசனை நம்பியா ஒரு வருசத்துத் தோட்டாவை வாங்க இருந்தோம்! "ஆள விடுங்கண்ணே. அக்கா, நீங்க முதல்ல காட்டின உருண்டைமூக்கே குடுங்க"ன்னான்.

"சரி. உன் துப்பாக்கியில ஒழுங்கா ஏறி இறங்குதான்னு பாத்துட்டுத் தாறேன். அதை எடு."

மாசிலாமணி பையில கை விட்டான். விட்ட கை வெளிய வரல. சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல.

"என்ன தம்பி, எடு"ன்னு மறுபடி கேட்டுச்சு காந்திமதி.

மெதுவா எடுத்து மேசை மேல வச்சான். மஞ்சத் துணியில சுத்தியிருந்துச்சு. பிரிச்சா, காஞ்சு போன மல்லிகைச் சரம். அதுக்குள்ள பிஸ்டல். போன வாரம்தான் ஆயுத பூசை முடிஞ்சிருந்துச்சு. தராசு, படிக்கல், ஜீப்புச் சாவி எல்லாத்தோடயும் சேத்து சுந்தரவல்லி இதையும் சாமி முன்னாடி வச்சு, குழல் வாயில கட்டைவிரலால சந்தனத்தை அப்பி, நடுவுல அழகா குங்குமம் வச்சிருந்தா. அவ லேசாத்தான் வச்சா. "புதுசுடி, நல்லா அழுத்தி வை"ன்னு பக்கத்துல நின்னு சொன்னவன் இவன்தான்.

காந்திமதி கம்பியை விட்டுப் பாத்துச்சு. ஒரு விரல் அகலத்துக்கு அடைச்சிருந்துச்சு. "இதோட சுட்டிருந்தா, குண்டு போக வழியில்லாம குழலே உன் கையில வெடிச்சிருக்கும்"னு மெதுவா சொல்லுச்சு.

மாசிலாமணி மனசுல ஓடின படம் மாறிருச்சு. மலைப்பாதை, குறுக்க மரம், எதிர்ல தடியன், பக்கத்துல சுந்தரவல்லி, கையில இது. அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டான். வடமலை பாசமா அவன் தோள்ல கையைப் போட்டு, "நம்ம இனம்யா நீ! உன் திருடனும் குறி சொல்லத்தான் போறான்"னார்.

அவர் கையைத் தட்டி விட்டுட்டு மாசிலாமணி அழுவாத குறையா கேட்டான்: "அக்கா, இப்ப நான் எந்தத் தோட்டாவைத்தான் வாங்க?"

காந்திமதி ரெண்டு டப்பாவையும் எடுத்துத் திரும்ப அலமாரியில வச்சுப் பூட்டுச்சு.

"இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. இதை இந்தக் கோலத்துல நீட்டினா, வர்ற திருடன் கன்னத்துல போட்டுக்கிட்டு, 'உண்டியல் எங்க இருக்கு?'ன்னுதான் கேப்பான்."