சுவரோடு பொருத்திய கட்டில்

வெகுகாலத்துக்கு முன்னே ஆம்பல் நாட்டை மழவராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நன்றாகவே ஆண்டான். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காமல் போகும் என்பதைத் தவிர, அவன்மேல் சொல்லிக்கொள்ளும்படியான குறை எதுவுமில்லை.

அரண்மனைக் காரியங்களைப் பார்த்துவந்த உத்தண்டர் ஒருநாள் சபையில் அண்டை நாட்டரசனின் பள்ளியறையைப் பற்றிப் பேச்செடுத்தார். அங்கே கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி எல்லாம் அளவெடுத்துச் சுவரோடு பொருத்தியிருக்கிறார்களாம். பின்னால் தூசி சேராதாம், எலி ஒளியாதாம். உத்தண்டருக்கு அமைச்சர் திருமேனியாரைக் கண்டால் ஆகாது. எதற்கெடுத்தாலும் அரசன் அவரையே கேட்கிறானே என்ற வயிற்றெரிச்சல். ஆகவே அமைச்சர் வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். தடுத்துச் சொல்ல ஆளில்லாத அரசனும் அங்கேயே தச்சர் மாடக்கண்ணு ஆசாரியை வரவழைத்து, வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்து வேலையை ஒப்படைத்துவிட்டான்.

மறுநாளே மனம் அரிக்கத் தொடங்கியது. ஆசாரி தரையில் இழுத்துவிட்டுப் போன செம்மண் கோடுகளை அரசன் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தான். அலமாரி வந்தால் ஜன்னலில் பாதி போய்விடும். கட்டிலைப் பிறகு நகர்த்தவே முடியாது. கோடையில் காற்றுக்காகக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் படுக்கிறவன் அவன். இனி என்ன செய்வான்? இருந்தாலும், ஆசைப்பட்டுச் சொன்ன வேலைதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

அப்போதுதான் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அரசி சொர்ணவல்லியிடமிருந்து பணிப்பெண் ஒருத்தி வந்தாள். மகன் பிறந்திருக்கிறான், நல்ல நாள் பார்த்துப் புறப்படுகிறார்கள், பள்ளியறை உத்திரத்துத் தொட்டில் கொக்கிக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொன்னார்கள் என்றாள்.

அரசன் நிமிர்ந்து பார்த்தான். அவனும் அவன் தகப்பனும் ஆடிய தொட்டில் தொங்கிய கொக்கி. கட்டிலின் மேல்விதானத்துக்கு இடம் வேண்டுமென்று நாளைக்கு அறுக்கப்போவது அந்த உத்திரத்தைத்தான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. போன அறுவடையின்போது, வண்டி செய்யத் தாம்பூலம் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய மிராசுதார் ஒருவருக்கு இதே அரசன்தான் தீர்ப்புச் சொன்னான்: தாம்பூலம் கொடுத்த வேலையைத் திருப்புகிறவன் யாராக இருந்தாலும் கழுதைமேல் ஊர்வலம். 'யாராக இருந்தாலும்' என்பதை அன்று அவன் இரண்டு முறை சொன்னான். ஊர்வலத்தை மாடத்தில் நின்று பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கவும் செய்தான்.

கண்ணை மூடினால் கழுதை, திறந்தால் கொக்கி. ஊர் திரும்பிய திருமேனியாரை நேரே பள்ளியறைக்கே அழைத்துவரச் சொன்னான்.

எல்லாவற்றையும் கேட்ட அமைச்சர் கோடுகளைப் பார்த்தார், அரசனைப் பார்த்தார், மறுபடி கோடுகளைப் பார்த்தார்.

"அரசே, கட்டிலுக்கு அளவெடுக்க உங்களைப் படுக்கவைத்து நூல் பிடித்தார்களா?"

"என்னையா? படுக்கவைத்து நூல் பிடிப்பது பாடைக்கல்லவா? உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படிச் செய்வார்களா? அதெல்லாம் உத்தண்டர் பார்த்துக்கொண்டார்."

"சரி. நாளைக் காலையில் ஒரு பொன்னாடையோடு சபைக்கு வாருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம்."

பேசாமல் இருப்பதுதான் அரசனுக்கு வராத வித்தை.

மறுநாள் காலை ஆசாரி ரம்பத்தோடு சபையில் காத்திருந்தார். அரசன் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருமேனியார் எழுந்து வேலையை வானளாவப் புகழ்ந்தார். அறுத்து வைத்திருக்கும் தேக்கைப் பட்டறையிலேயே போய்ப் பார்த்தாராம், அப்படியொரு கச்சிதமாம். இதற்காக அரசர் பொன்னாடை போர்த்தப்போகிறார், யாருக்குப் போர்த்துவது, ஆசாரிக்கா என்று கேட்டார்.

உத்தண்டரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "ஆசாரிக்கு எதற்கு? யோசனை சொன்னது நான். மரம் பார்த்தது நான். அரசரைப் படுக்கவைக்கக் கூடாதே என்று, அவர் இடத்தில் படுத்து அளவு கொடுத்ததும் நான்தான். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம்."

"நிச்சயமாக நீர்தானா? வேறு யாருமில்லையே?"

"சத்தியமாக நானேதான் ஐயா."

அமைச்சர் ஆசாரியின் பக்கம் திரும்பினார். "ஒருவர் அளவில் அறுத்த கட்டிலில் இன்னொருவர் படுக்கலாமா, ஆசாரி?"

ஆசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கூடவே கூடாது சாமி. படுக்கிறவருக்கு ஆயுசு குறையும். எங்கள் தொழிலில் யாரும் சம்மதிக்கமாட்டோம். மகாராசாவின் அளவென்று இவர்தான் நூலைக் கொண்டுவந்து கொடுத்தார்."

திருமேனியார் நிதானமாகச் சொன்னார். "அரசர் கொடுத்த தாம்பூலம் கொடுத்ததுதான். வேலை நிற்காது, கட்டில், அலமாரி எல்லாமே சுவரோடு பொருத்தப்படும். அளவு கொடுத்தவர் வீட்டுச் சுவரோடு."

அரசனுக்கு அது உறைக்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு சிம்மாசனமே அதிரும்படி சிரித்தான். பொன்னாடையை அமைச்சருக்குப் போர்த்திவிட்டு, உத்தண்டரிடம் கேட்டான்: "என் அளவு உமக்கு என்றைக்கு ஐயா வந்தது?"

உத்தண்டர் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தார். வெளியே கழுதை கத்தியது. அது தற்செயல் என்றுதான் அமைச்சர் கடைசிவரை சொல்லிவந்தார். உத்தண்டர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் வீட்டு அறையில் அந்தக் கட்டிலும் அலமாரியும் வந்தபின் கதவு பாதிதான் திறந்தது. அலமாரியில் வேட்டி எடுக்கக் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. மனைவி என்ன சொன்னாள் என்பதைத் தெருவே கேட்டது.

அரசி வந்தாள். எண்ணெய் போட்ட கொக்கியில் பழைய பட்டுச்சேலைத் தொட்டில் ஆடியது. மகனை ஆட்டிக்கொண்டே அரசன் அண்ணாந்து பார்த்தான்.

"சொர்ணம், இந்த உத்திரத்தில் கொஞ்சம் செதுக்குவேலை செய்தால்..."

அரசி எழுந்து, அவன் பக்கத்திலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.